அழாத பையனுக்கு ஈரமே இல்லையா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. தங்கை விழுந்து ரத்தம் வழிய அழுகிறாள், இவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அடித்தாலும் ‘சாரி’ வராது, முகமும் மாறாது. இரவில் தூங்காமல் புரளுகிறான். பள்ளிக்குக் கிளம்பினால் வயிற்றுவலி என்கிறான், டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றுவிட்டார். இவனுக்கு ஈரமே இல்லையா?

பதில்: தூக்கத்தையும் வயிற்றுவலியையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு முதலில் கண்ணில் பட்டதே அவைதான்.

அடுத்தவர் வலி உறைக்காதது, செய்த தப்பு உறுத்தாதது, முகத்தில் உணர்ச்சியே காட்டாதது, படிப்பு எப்படிப் போனாலும் கவலைப்படாதது, இந்த நான்கையும் மனநல மருத்துவர்கள் சேர்த்துப் பார்ப்பார்கள். 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டின்படி, இவற்றில் குறைந்தது இரண்டு, ஒரு வருடமாவது, வீடு, பள்ளி என்று பல இடங்களிலும் இருக்க வேண்டும். அதுவும் நடத்தைக் கோளாறு (அடிதடி, திருட்டு, விதிமீறல் என்று தொடர்ந்து நடந்துகொள்வது) இருப்பதாக உறுதியான பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பேச்சே. அதனால் நீங்களாகப் பெயர் சூட்டிவிடாதீர்கள்.

அப்புறம், இப்படித் தெரிகிற பிள்ளைகள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை. சிலருக்குப் பயமே குறைவு, தண்டனை உறைக்காது. வேறு சிலர் வெளியே கல், உள்ளே ஒரே பதற்றம். அடியோ அவமானமோ வீட்டுச் சண்டையோ, எதையோ தாங்க முடியாமல் மனதை இழுத்து மூடிக்கொண்டவர்கள் இவர்களில் நிறைய. பெரியவர்களிடம் இப்படி இரண்டு வகை இருப்பதை 1941-லேயே பெஞ்சமின் கார்ப்மன் என்ற மருத்துவர் எழுதினார். உங்கள் பையன் எந்தப் பக்கம் என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பயமில்லாத பிள்ளைக்குப் பள்ளி என்றதும் ஏன் வயிறு வலிக்க வேண்டும்?

அடியை இன்றோடு விடுங்கள். முதல் வகைக்கு அது பலிக்காது, இரண்டாம் வகையை இன்னும் மூடிக்கொள்ள வைக்கும். ‘சாரி’ சொல் என்று நிற்கவைக்காமல், “தங்கச்சிக்குப் பஞ்சு எடுத்துட்டு வா” என்று ஒரு வேலை கொடுங்கள், கொண்டுவந்தால் அந்த நிமிடமே பாராட்டுங்கள். பேச்சை எதிரே உட்காரவைத்து ஆரம்பிக்க வேண்டாம், துணி மடிக்கும்போது பக்கத்தில் இருக்கட்டும். எந்த நாளில் வலிக்கிறது, யாரைப் பார்த்தால் வலிக்கிறது என்று மெல்லக் கேளுங்கள். பதில் வந்தால் தயவுசெய்து அறிவுரை சொல்லிவிடாதீர்கள், அத்தோடு வாயை மூடிக்கொள்வான்.

குழந்தைகள் மனநல மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாயில்லாப் பிராணிகளை வேண்டுமென்றே வதைக்கிறான், சாக வேண்டும் என்கிறான் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே போனதும் தங்கை கதையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், வயிற்றுவலியை முதலில் சொல்லுங்கள்.