இறாக்கைகளுக்கிடையே ஒரு விளையாட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பகுதி நூலகத்துக்கு உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் நாள்தோறும் வருகிறார்கள். ஆனால், சொந்தக் கொப்பிகளை மேசையில் விரித்துப் படித்துவிட்டு, புத்தக இறாக்கைப் பக்கம் திரும்பாமலே போய்விடுகிறார்கள். கைத்தொலைபேசி விளையாட்டு ஒன்றின் மூலம் அவர்களைப் புத்தகங்களிடம் அழைத்துச்செல்லலாம் என்று வாசகர் வட்டத்தில் பேசினோம். அமைதி கெட்டுவிடும் என்று மூத்த உறுப்பினர்கள் தயங்குகிறார்கள். தங்கள் கருத்து என்ன?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தாராளமாக நடத்தலாம். மூத்தவர்களின் தயக்கத்திலும் நியாயம் உண்டு என்பதால், மற்ற வாசகர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து நடத்துங்கள். நியூயோர்க் பொது நூலகம் தன் தலைமைக் கட்டடத்தின் நூற்றாண்டையொட்டி 2011 மே 20ஆம் திகதி இப்படியொரு விளையாட்டை நடத்தியபோது, 500 பேரை இரவு முழுவதும் உள்ளே வைத்துக்கொண்டது. அவர்கள் கைத்தொலைபேசியோடு அரும்பொருள்களைத் தேடிச்சென்று, ஒவ்வொன்றையும் தொட்டு எழுதியவை விடிவதற்குள் ஒரு நூலாகத் தொகுக்கப்பட்டன. தேடலோடு எழுத்தையும் சேர்த்ததுதான் அந்த ஏற்பாட்டின் சிறப்பு என்பேன்.

அவ்வளவு பெரிய ஏற்பாடு உங்களுக்குத் தேவையில்லை. கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் சரியாக இடம் காட்டாது. ஆகவே, இறாக்கைகளில், தேடவேண்டிய நூலுக்கான துப்பைக் காட்டும் கியூஆர் குறியீடு அச்சிட்ட தாள்களை ஒட்டினாலே போதும். கவனமெல்லாம் கேள்வி அமைப்பதில் இருக்கட்டும். "யாழ் நூலை எழுதியவர் யார்?" என்று கேட்டால், பிள்ளை நாற்காலியை விட்டு எழும்பாமலே கூகுளில் பார்த்து, விபுலானந்த அடிகள் என்று சொல்லிவிடும். அதற்குப் பதிலாக, "பழந்தமிழரின் நரம்புக் கருவியை ஆராய்ந்து 1947இல் வெளிவந்த நூலைத் தேடுங்கள், இங்குள்ள பிரதியில் பண்ணியல் எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடும் என்பதால், இறாக்கைக்குப் போய்ப் புத்தகத்தை விரிக்காமல் விடை கிடைக்காது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு வகுக்கும் டூயி தசமப் பகுப்பு முறைப்படி அடுக்கிய நூலகமானால், இசை நூல்கள் 780 என்ற எண்ணில் இருப்பதையும் பிள்ளை போகிற போக்கில் கற்றுக்கொள்ளும். கொழும்பில் மும்மொழி வாசகர்களும் வருவதால், ஒவ்வொரு துப்பையும் அந்தந்த மொழி நூல்களிலிருந்தே தனித்தனியாக அமைப்பது நல்லது. ஒன்றை மற்றொன்றுக்கு மொழிபெயர்த்தால் துப்பின் சுவை போய்விடும்.

கேள்வி: கைத்தொலைபேசி இல்லாத பிள்ளைகள் என்ன செய்வது? பெயர் விபரங்களைத் திரட்டுவதைப் பெற்றோர் விரும்புவார்களா?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: மூவருக்கு ஒரு தொலைபேசி என்று குழு பிரியுங்கள்: ஒருவர் குறியீட்டைப் படிக்க, ஒருவர் தேட, மற்றவர் எழுதட்டும். துப்பைக் குறியீட்டுக்குள்ளேயே எழுத்தாகப் பதிந்துவிட்டால் டேட்டாவும் செலவாகாது. விபரங்களைப் பொறுத்தவரை, திரட்டாமல் இருப்பதே மேல். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு பிள்ளை என்ன வாசிக்கிறது என்பதை ஏதோவொரு செயலியிடம் ஒப்படைப்பது நூலகத்துக்கு அழகல்ல. குழுவுக்கு ஒரு புனைபெயர் போதும்.

கேள்வி: பரிசாக என்ன கொடுக்கலாம்?
(வாசகர், தெஹிவளை)

பதில்: ஒரு மாதத்துக்கு, வழமையை விட ஒரு நூலைக் கூடுதலாக இரவல் பெறும் சலுகை. பெறுமதியான பொருளை அறிவித்தீர்களானால், விடைத்தாள் வட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடும்.