முகத்தை மறைச்சாப் போதுமா?

தங்கச்சி, வெலிக்கடைச் சிறையில இருந்து விடுதலையான அக்கா ஒராள் உங்கட படத்தில தன்ர முகம் தெரியக்கூடாது எண்டு இப்ப சொல்லுறா, படமோ எடுத்து முடிஞ்சுது எண்டு எழுதியிருந்தீங்கள். மங்கலாக்கினா மட்டும் காணாது. எங்கட திருகோணமலையில குரலைக் கேட்டே ஆளைச் சொல்லிருவாங்கள். நானும் ஒருக்கா முகத்தை மறைச்சன். யன்னலுக்குள்ளால கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலை தெரிஞ்சுது, வீடு பிடிபட்டிட்டுது! குரலை வேற பெண்ணைக்கொண்டு பேசுவியுங்கோ. கையைக் காட்டலாம், ஆனா மோதிரம், தழும்பு கவனம். வெட்டித் தொகுத்த பிரதியை முதல்ல அவவுக்குப் போட்டுக் காட்டுங்கோ.

சிறைக்குள்ள எடுக்கிறதெண்டால் சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்தின்ர அனுமதி வேணும். பொதுவில திரையிட 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சபைக்கும் குடுக்கவேணும். யூடியூப்பில ஏத்தினா, பிறகு அழிச்சாலும் ஆராவது பிரதி எடுத்து வச்சிருக்கலாம், அவசரப்படாதேங்கோ.