எஸ்டேட் காருக்கு 600 குதிரை எதற்கு? – கேள்வி பதில்

போன வாரம் ஒர்க்‌ஷாப்பில் நின்ற ஆடி ஆர்எஸ்6 அவான்ட் என்ற வேகமான எஸ்டேட் காரின் படத்தைப் போட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. தெற்கு ஜெர்மனியில் 16 வருடமாக பிரேக், சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: செடானின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, டிக்கியையும் உள்ளறையையும் ஒன்றாக்கினால் அது எஸ்டேட். அமெரிக்காவில் வேகன், இங்கே கோம்பி. ஆடி அதையே அவான்ட் என்கிறது, பிஎம்டபிள்யூ டூரிங் என்கிறது.

கார்த்திக், கோவை: அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், பார்க்க அமரர் ஊர்தி மாதிரி இருக்கிறது. இதில் அப்படி என்ன மயக்கம்?

தம்பி, கோபமே இல்லை. இங்கே பல அமரர் ஊர்திகள் பென்ஸ் இ-கிளாஸை நீட்டிச் செய்தவைதான்!

அந்தப் படத்தில் இருந்த காரையே எடுத்துக்கொள். பின்சீட்டில் குழந்தை இருக்கை. அதன் பெல்ட் இடுக்கு முழுக்க பிஸ்கட் தூள். சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்து கிடக்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போய்த் திரும்பத் திரும்ப அழுத்தி நிறுத்தினால் அந்த நீலம் வரும். காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்ற வண்டிதான் ராத்திரி ஆட்டோபானில், அதாவது ஜெர்மன் நெடுஞ்சாலையில், அப்படிப் போயிருக்கிறது. எனக்கு மயக்கம் அங்கேதான். பெராரி தன்னைப் பற்றி ஊருக்கே சொல்லிக்கொண்டு போகும். இது வாயைத் திறக்காது.

இன்னொன்று, ஜெர்மனியில் கார் ஆர்டர் செய்யும்போது பின்னால் மாடல் எழுத்து வேண்டாம் என்று சொல்ல முடியும். நிறையப் பேர் சொல்கிறார்கள். பெரிய இன்ஜினுக்குக் காசு கொடுத்துவிட்டு அதை மறைத்து ஓட்டுகிற ஆட்கள்!

சுரேஷ், துபாய்: இவ்வளவு பணம் போட்டால் பெரிய எஸ்யுவியே வாங்கலாமே? உயரம், கம்பீரம், இடம் எல்லாம் கிடைக்குமே.

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். ஆடியிலேயே ஒப்பிடலாம். 2019-ல் வந்த ஆர்எஸ்6 அவான்ட், அதே காலத்து ஆர்எஸ் க்யூ8 எஸ்யுவி. இரண்டிலும் அதே 4 லிட்டர் வி8, அதே 600 குதிரைத்திறன், அதே 800 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). எஸ்யுவியின் எடை சுமார் 240 கிலோ கூடுதல். மூன்று ஆட்களை எப்போதும் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி. அதற்குப் பதிலாக டிக்கியில் எவ்வளவு கூடுதல் இடம் கிடைக்கிறது? எஸ்டேட்டில் 565 லிட்டர், எஸ்யுவியில் 605. வெறும் 40 லிட்டர், ஒரு சின்னப் பெட்டி.

எடையை விட முக்கியமானது அந்த எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. வளைவில் திரும்பும்போது பாரம் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு மாறும். புவியீர்ப்பு மையம் உயர உயர இந்த மாற்றம் கூடும், வண்டி சாயும். சாய்வைத் தடுக்க எஸ்யுவியில் கடினமான ஸ்பிரிங், தடித்த ஆன்டி-ரோல் பார் (சாய்வைத் தடுக்கும் கம்பி), அதுவும் போதாமல் மோட்டார் வைத்த ஆன்டி-ரோல் பார் வரை போகிறார்கள். தலையில் குடம் வைத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். மோசமான ரோட்டுக்கு, மணலுக்கு எஸ்யுவி சரி. துபாயில் உங்களுக்கு அது தேவைப்படலாம். நல்ல தார் ரோட்டுக்கு அந்த உயரம் தண்டச் செலவு என்பது என் கட்சி.

நிவேதா, சிங்கப்பூர்: எஸ்டேட்டை இப்படி வேகமாகச் செய்யும் யோசனையை முதலில் ஆரம்பித்தது யார்?

வேகமான எஸ்டேட் 1994-க்கு முன்பும் இருந்தது. பிஎம்டபிள்யூ 1992-லேயே எம்5 டூரிங் செய்தது, ஆனால் மொத்தம் 891 வண்டிதான். ஊர் பேச வைத்தது 1994-ல் வந்த ஆடி ஆர்எஸ்2 அவான்ட். ஆடி 80 எஸ்டேட்டை எடுத்து, போர்ஷேவோடு சேர்ந்து செய்தார்கள். 2.2 லிட்டர், ஐந்து சிலிண்டர், பெரிய டர்போ, 315 குதிரை, மணிக்கு 262 கிலோமீட்டர். வண்டியைக் கோத்தது ஸ்டுட்கார்ட் பக்கம் ட்ஸுஃபன்ஹாவுஸனில், போர்ஷே இடத்தில். பக்கக் கண்ணாடியும் சக்கரமும் போர்ஷேயுடையவை, பிரேக் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) போர்ஷே என்றே எழுதியிருக்கும். 3000-கூடச் செய்யவில்லை. ஒன்று எங்களிடம் வேலைக்கு வந்தபோது காபியை மறந்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். டர்போ விழிக்கிற வரை சாதுவாக இருக்கும், அப்புறம் முதுகில் யாரோ உதைத்த மாதிரி.

அதே 1994-ல் வால்வோ செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் டூரிங் கார் ரேஸில் எல்லோரும் செடான் கொண்டுவந்தார்கள், வால்வோ 850 எஸ்டேட்டை இறக்கியது. ஓட்டியவர்கள் ரிக்கார்ட் ரைடெல், யான் லாமர்ஸ். ரேஸுக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்று ஒன்றில் பின்னால் ஒரு பொம்மை நாயை உட்கார வைத்துக்கொண்டு வந்தார்கள்! ஜெயிக்கவில்லை, சிறந்த இடமே ஐந்தாவதுதான். அடுத்த வருடம் செடானுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் வால்வோ என்றால் வாத்தியார் வண்டி என்ற பெயர் அந்த ஒரு வருடத்தில் போய்விட்டது.

அன்வர், சென்னை: செடானை விட இடம் நிஜமாகவே அதிகமா?

சீட்டை மடக்காவிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. பிஎம்டபிள்யூ எம்3 செடானில் 480 லிட்டர், டூரிங்கில் 500. சீட்டை மடக்கினால் 1510. லிட்டர் கணக்கை விட வாய்தான் முக்கியம். செடான் டிக்கியின் வாய் தபால் பெட்டி மாதிரி, எஸ்டேட்டின் வாய் அலமாரிக் கதவு மாதிரி. இதற்கு விலையும் உண்டு. பின்னால் பெரிய ஓட்டை இருப்பதால் பாடியை முறுக்கு தாங்கும்படி பலப்படுத்த வேண்டும், எம்3 டூரிங்கின் எடை செடானை விட 85 கிலோ போலக் கூடியது. பின்சக்கரச் சத்தமும் தடுப்பு இல்லாமல் உள்ளே வரும். பின்கண்ணாடியில் வைப்பர் இருப்பதற்கும் காரணம் உண்டு. செங்குத்தான பின்பக்கத்தில் காற்று சுழன்று ரோட்டுச் சேற்றை இழுத்துக் கண்ணாடியில் அப்பிவிடும். மழைநாளில் கவனித்துப் பாருங்கள்.

பிரபா, லண்டன்: அண்ணே, 2014 ஆர்எஸ்6 அவான்ட் ஒன்று கண்ணில் பட்டது. வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வண்டி விலையைப் பார்த்து முடிவு செய்யாதே. பழைய வண்டி விலைக்கு வாங்கினாலும் உதிரிபாகம் புது வண்டி விலையில்தான் வரும். முதலில் சஸ்பென்ஷன் எது என்று கேள். ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை) என்றால் ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து, காலையில் நான்கு மூலையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா பார். டிஆர்சி என்ற இன்னொரு வகை என்றால் டாம்பர்கள் (ஷாக் அப்சார்பர்கள்) குறுக்காக எண்ணெய்க் குழாயால் இணைந்திருக்கும். கசிவு இந்த வகையில் பேர்போன வியாதி. டாம்பர் அடியில் கையை வைத்துத் தடவு, பிசுக்கென்றால் பேரத்தைத் தொடங்கு.

செராமிக் பிரேக் இருந்தால் டிஸ்க் ஓரத்தைத் தடவிப் பார், சில்லு விட்டிருந்தால் வந்த வழியே திரும்பிவிடு. நான்கு டயரும் ஒரே மாடல், ஒரே தேய்மானமா என்று பார். இங்கே ஒருவர் எங்கோ ஒரு கடையில் மலிவு டயர் இரண்டு மட்டும் மாற்றிக்கொண்டு வந்தார், முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் ஒரு கம்பெனி. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் அது கூடாது. கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

டேவிட், நியூ ஜெர்சி: எங்கள் ஊரில் ஏன் கண்ணிலேயே படுவதில்லை?

உங்கள் ஊர் எரிபொருள் விதி எஸ்யுவியை லைட் டிரக் என்று எண்ணிச் சலுகை கொடுத்தது, எஸ்டேட்டைக் கார் என்று எண்ணியது. கம்பெனிகள் எதைச் செய்யும்? ஆனாலும் காடிலாக் சிடிஎஸ்-வி வேகன் உங்கள் ஊர்ப் பிள்ளைதான். சூப்பர்சார்ஜர் வைத்த 6.2 லிட்டர் வி8, 556 குதிரை, கையால் மாற்றும் கியர். இன்று நினைத்தாலும் பெருமூச்சு வருகிறது. ஆர்எஸ்6 அவான்ட் 2020-ல்தான் உங்கள் பக்கம் வந்தது.

கார்த்திக் மறுபடி: புது எம்5 டூரிங் எப்படி அண்ணா?

727 குதிரை, பெட்ரோல் வி8-உம் மின்மோட்டாரும். எடை சுமார் இரண்டரை டன்! மேலே எஸ்யுவிக்காரர்களை 240 கிலோவுக்குத் திட்டியவன் இதைப் பற்றி என்ன சொல்வது? வேகத்தில் குறையில்லை. ஆனால் எனக்குப் பிடித்த எம்5 டூரிங் 2007-ல் வந்தது. 5 லிட்டர் வி10, 507 குதிரை, இன்ஜின் நிமிடத்துக்கு 8000 சுற்றுக்கு மேல் போய்க் கத்தும்.

நிவேதா: கடைசியாக, நீங்கள் ஓட்டுவது எது?

சிரிக்கக்கூடாது. 2012 பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் டூரிங், டீசல், நான்கு சிலிண்டர். அதில் பின்கதவைத் திறக்காமல் கண்ணாடியை மட்டும் தனியாகத் திறக்கலாம். மழையில் காய்கறிப் பையை அந்த வழியாகப் போட்டுவிட்டு ஓடலாம், உள்ளே இருக்கிற உருளைக்கிழங்கும் வெளியே உருளாது. புது 5 சீரிஸில் அதை எடுத்துவிட்டார்கள், எம்5-லும் இல்லை. 727 குதிரை கொடுத்தார்கள், அந்தக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.