வயிறு நிறைந்தும் சத்துக் குறைவு

கேள்வி: முகாமில் வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்த அகதிகளுக்குமா வைட்டமின் குறைபாடு வரும்?

பதில்: தாராளமாக வரும். ரேஷன் மூட்டை பசியைத்தான் அடக்கும். பூட்டானைவிட்டு வெளியேறி, நேபாள முகாம்களில் ஏறக்குறைய 20 வருடம் அரிசி, பருப்பு, எண்ணெய் என்றே காலம் தள்ளியவர்கள் 2008 முதல் அமெரிக்காவில் குடியேறியபோது பலருக்கு வைட்டமின் பி12 குறைந்திருந்தது. முட்டை, பால், இறைச்சியைக் கண்ணில் பார்ப்பதே அபூர்வம் என்றால் அந்தச் சத்து எங்கிருந்து வரும்? பாதம் மரத்துப்போகும், நாக்கு வழவழவென்று சிவந்து எரியும், ஆள் சோர்ந்து கிடப்பார். வீட்டில் அதை ஊர் ஏக்கம் என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் புது நாட்டில் இனிப்புப் பானம், உட்கார்ந்த வேலை, அதனால் கூடும் எடை, சர்க்கரை நோய். இதில் கொடுமை, சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 இன்னும் குறையலாம். கால் மரத்துப்போனால் சர்க்கரைதான் காரணம் என்று முடிவுகட்டாமல் பி12 பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.