ஒரே கட்டிக்கு மூன்று யோசனைகள்: யாரை நம்புவது?

கேள்வி: தலைச்சுற்றலுக்காக எம்.ஆர்.ஐ. எடுத்ததில், 62 வயதான என் அம்மாவுக்கு மூளையில் 2 செ.மீ. ‘மெனிஞ்சியோமா’ கட்டி இருப்பது தெரிந்தது. உடனே அறுவை சிகிச்சை என்கிறார் ஒருவர். கதிர்வீச்சு போதும் என்கிறார் மற்றொருவர். ஆறு மாதம் பொறுக்கலாம் என்கிறார் மூன்றாமவர். யாரை நம்புவது?

பதில்: மூவரில் இருவர் ஏமாற்றுகிறார்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மெனிஞ்சியோமா மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வில் முளைப்பது. பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. சில கட்டிகள் பல ஆண்டுகள் வளராமலே கிடக்கும். தலைச்சுற்றலுக்குக் காரணம் பல நேரம் உள்காதில் இருக்கும். கட்டியை எடுத்தாலும் அது நிற்காது.

கட்டியால் தொந்தரவோ சுற்றிலும் வீக்கமோ இல்லையென்றால் நான் மூன்றாமவர் பக்கம். கதிர்வீச்சும் முறையான சிகிச்சைதான். ஆனால் அது வளர்ச்சியைத் தடுக்குமே தவிர, கட்டியை அகற்றாது. அளவைவிட இடம் முக்கியம். உச்சந்தலை ஓரமாக இருந்தால் எடுப்பது எளிது. பார்வை நரம்பை ஒட்டியிருந்தால், கத்தி வைப்பதும் கதிர் பாய்ச்சுவதும் ஆபத்து. சும்மா விடுவதும் ஆபத்து. மருத்துவர்கள் வேறுபடுவது இங்கேதான்.

இதே கட்டி தண்டுவடத்தில் வந்து தொந்தரவு தொடங்கிவிட்டால் பொறுமை கூடாது. அங்கே இடம் மிகக் குறுகல். கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சிறுநீர் பிரியாமல் அடைபடுவது எல்லாம் நரம்பு நசுங்குவதன் அறிகுறிகள். முதுகுவலி மாத்திரையோடு வாரக்கணக்கில் ஓட்டிவிட்டு, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முற்றிலும் போன பலம், கட்டியை எடுத்த பிறகும் சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை.

என்னிடம் வருகிறவர்கள் நான்காக மடித்த அறிக்கைத் தாளை நீட்டுகிறார்கள். படம் எங்கே என்றால், ஸ்கேன் மையத்தில் படம் பதிந்த டிஸ்க் தரவில்லை என்கிறார்கள். தாளைப் பார்த்து எந்த மருத்துவர் தலையைத் திறப்பார்? காசு கொடுத்து எடுத்த படத்துக்கு நோயாளி கெஞ்ச வேண்டியிருக்கிறது. அறுவை மருத்துவரும் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்து அந்தப் படத்தைப் பார்த்திருந்தால், நீங்கள் மூன்று வாசல் ஏறியிருக்க வேண்டியதில்லை.

அந்த அலைச்சலில்தான் தரகர் நுழைவார். அறிக்கையைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு, “இன்றே முன்பணம் கட்டினால் நாளைக்கே அறுவை” என்பார். அவருக்குக் கமிஷன் அறுவையில்தான். காத்திருப்பதில் காலணா கிடையாது. அவரிடம் எதையும் கொடுக்காதீர்கள்.

டிஸ்க்கை வாங்கிக்கொண்டு மூவரிடமும் மீண்டும் போங்கள். கட்டி பார்வை நரம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது, ஆறு மாதம் பொறுத்தால் எது கெடும் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.