பனிக்காலத்துக்கு முன் காரும் நீங்களும்

திருகோணமலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: டிசம்பரில் ரொறன்ரோ வருகிறேன், கண்டி வீதியில் ஏழு வருடம் வான் ஓட்டியிருக்கிறேன், அங்கே பழைய கார் ஒன்று வாங்கினால் பனிக்காலத்தில் நம்பி ஓட்டலாமா என்று. நானும் உப்புவெளி ஆள்தான். ரொறன்ரோவில் நெடுநாளாகக் கார் ஓட்டுகிறேன்.

ஓட்டலாம் தம்பி. கார் பழசாக இருக்கட்டும், ரயர் மட்டும் சரியாக இருக்க வேண்டும். கார் வாங்க வைத்திருக்கும் காசில் நாலு வின்ரர் ரயருக்கு முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படி கட்டாயம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோவில் அப்படி இல்லை, அதற்காக விட்டுவிடாதீர்கள். குளிர் 7 பாகைக்குக் கீழே இறங்கினாலே சாதாரண ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். ஸ்னோ விழாவிட்டாலும் பிடிப்புக் குறைந்துவிடும். ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முன்னுக்கு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். போட்ட பிறகு காப்புறுதிக்காரருக்கும் சொல்லுங்கள், கட்டணத்தில் கொஞ்சம் குறைப்பார்கள்.

பற்றறி மூன்று, நாலு வருடம் பழசு என்றால் கடையில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் அதன் வலு பாதியளவுக்கு இறங்கிவிடும்.

கண்ணாடி கழுவும் தாங்கிக்குள் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள், இங்கே உறைந்துவிடும். −40 பாகை என்று போட்டிருக்கும் திரவத்தை வாங்குங்கள், காரிலும் ஒரு போத்தல் மேலதிகமாக வைத்திருங்கள். வீதிக்கு உப்புப் போடுவார்கள். முன்னால் போகிற லொறி அந்த உப்புச் சேற்றை வாரி அடித்தால் கண்ணாடி ஒரு நொடியில் வெள்ளையாகிவிடும். அந்த நேரம் திரவம் தீர்ந்திருந்தால் எதிரே என்ன வருகிறது என்றே தெரியாது.

காலையில் கூரை, லைட் எல்லாவற்றிலும் உள்ள ஸ்னோவைத் தட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முக்கியமாகச் சைலன்சர் குழாயின் வாயைப் பாருங்கள். அது அடைபட்டிருக்க எஞ்சினை ஓடவிட்டால் காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயு உள்ளே வரும், மணமே இருக்காது. கண்ணாடிக்குச் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டாம், வெடித்துவிடும். ஏறும்போது சப்பாத்தையும் தட்டிவிட்டு ஏறுங்கள். அடியில் ஒட்டிய ஸ்னோ உருகினால் பிரேக்கில் கால் வழுக்கும்.

இனி ஓட்டம். உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுதுபட வரும்போது, வளைவுக்கு அந்தப் பக்கம் யானை நிற்கலாம் என்று கால் தானாகவே தளருமே, அந்தக் கால்தான் இங்கே வேண்டும். தரையெல்லாம் காய்ந்து கிடந்தாலும் பாலம் உறைந்திருக்கும், அதற்குக் கீழேயும் குளிர்காற்று ஓடுகிறது. பிளாக் ஐஸ் என்பது வீதியில் மெல்லிசாகப் படிந்த ஐஸ், பார்வைக்கு நனைந்த தார் போலத்தான் இருக்கும். வீதி ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன்னால் போகிற காரின் ரயரிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால், அது ஐஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வழுக்கினால் இரண்டு பெடலிலிருந்தும் காலை எடுத்து, போக வேண்டிய பக்கத்தைப் பார்த்து மெதுவாக ஸ்ரியரிங்கைத் திருப்புங்கள். உடனே நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அமத்தாக அமத்துங்கள். பெடல் அதிரும், பயப்பட வேண்டாம்.

இதையெல்லாம் வாசித்து மட்டும் பழக முடியாது. ஸ்னோ விழுந்த ஒரு ஞாயிறு விடிய, ஆளில்லாத கார் பார்க்கில் பழகின ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரேக் பிடித்துப் பாருங்கள்.

அப்புறம், வந்து 60 நாளைக்கு ஊர் உரிமத்தோடு ஓட்டலாம். நீங்கள் வருவது டிசம்பரில் என்பதால் அந்த நாட்கள் சரியாக மோசமான குளிருக்குள் விழும். நாள் போகிறதே என்று அவசரப்பட்டுக் கார் எடுக்காதீர்கள். உரிமம் எத்தனை வருடமாக இருக்கிறது என்ற கடிதத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இப்போதே கேட்டு எடுத்துவிடுங்கள், இங்கே உரிமம் எடுக்கும்போது உதவும்.