சுட்டும் வலிக்காத கால்: 7,500 ரூபாய் செருப்பு வாங்குவதற்கு முன்னால்

கேள்வி: கோத்தகிரி பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை வந்து பத்து வருடம் ஆகிறது. இன்னும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. போன வாரம் கரிச்சட்டி பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்ந்தபோது கட்டைவிரல் ஓரம் கொப்புளம் வந்துவிட்டது, ஆனால் வலிக்கவே இல்லை என்கிறார். இதற்கிடையில் ஊரில் இலவசக் கால் பரிசோதனை முகாம் போட்டார்கள். மெஷின் மேல் நிற்க வைத்து ஸ்கேன் எடுத்து, அம்மாவுக்கு 7,500 ரூபாயில் செருப்பு, என் ஆறு வயது மகனுக்குத் தட்டைப் பாதமாம், ஷூவுக்குள் வைக்க 4,000 ரூபாயில் மெத்தை என்கிறார்கள். ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா? எனக்கும் பனிக்காலத்தில் கால்விரல் சிவந்து அரிக்கிறது.

பதில்: கட்டாதீர்கள். முன்பணத்தைக் கேட்டுப் பாருங்கள், தரமாட்டார்கள், அது போகட்டும். உங்கள் கேள்வியில் செருப்பைவிட முக்கியமான விஷயத்தை நீங்களே போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்: நெருப்பு சுட்டும் வலிக்கவில்லை என்கிறார் அம்மா. அவர் பொறுமைசாலி என்பதாலோ, கொப்புளம் சின்னது என்பதாலோ அப்படிச் சொல்லவில்லை. பாதத்தின் நரம்பு மரத்துவிட்டது, அவ்வளவுதான். சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாமல் ஓடினால் முதலில் போவது கால்விரல் நுனியின் உணர்ச்சி, பிறகு அது மெல்ல மேலே ஏறும். என்னிடம் வருகிறவர்களில் வலிக்கிறது என்று கத்துகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. அவர்கள் எப்படியும் அடுத்த நாளே வந்துவிடுவார்கள். வலிக்காதவர்தான் புண் எலும்பைத் தொட்ட பிறகு வருவார், அதுவும் நாற்றம் தாங்காமல் வீட்டுக்காரர்கள் இழுத்து வந்தால்.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர் வேலூரில் தொழுநோயாளிகளைப் பார்த்து ஒன்றைக் கண்டு சொன்னார். அவர்களுடைய கைகால் தானாக அழுகிப் போவதில்லை, வலி தெரியாததால் சுட்டும் வெட்டியும் தேய்ந்தும்தான் போகிறது என்று. சர்க்கரைக் காலுக்கும் அதே கதைதான்.

சரி, வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள், காசு இல்லை. அம்மாவைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரலால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஓரிரு நொடி மட்டும், இறகு படுகிற மாதிரி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தேய்க்கவும் கூடாது. தொட்டது தெரிந்ததும் வலதா இடதா என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு விரல். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா' என்று கேட்டுக்கொண்டே தொடாதீர்கள், அம்மாக்கள் நம்மைச் சமாதானப்படுத்த எல்லாவற்றுக்கும் தெரியுது என்றுதான் சொல்வார்கள்.

கொப்புளத்தை ஊசியால் குத்த வேண்டாம். சுத்தமான துணிக்கட்டு போட்டு மூடி, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், ஆறும் வரை தோட்டத்துக்குப் போக வேண்டாம். மஞ்சள், காபித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். உங்கள் மலையில் எல்லா வியாதிக்கும் ஒரு பாட்டில் நீலகிரித் தைலம் இருக்கிறதே, அதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். மரத்த காலில் வெந்த தோல் மேல் தைலத்தைத் தேய்த்தால் எரிகிறது என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை. இனிமேல் கரிச்சட்டிக்குக் கால் நீட்டுவது, வெந்நீர்ப் பை, சுடுதண்ணீரில் ஊறவைப்பது, மூன்றும் நிறுத்தம். குளிக்கும் தண்ணீரின் சூட்டை அம்மாவின் கால் பார்க்க வேண்டாம், உங்கள் முழங்கை பார்க்கட்டும். (கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரிச்சட்டியோடு தூங்குவது காலைவிட உயிருக்கே ஆபத்து, அது வேறு விஷயம், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

இப்போது அந்த முகாம். மெஷினில் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக வந்த படத்தைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். நிற்கும்போது உடம்பின் பாரம் பாதத்தில் எங்கே அதிகம் விழுகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. யார் ஏறி நின்றாலும் குதிகாலில் சிவப்பு வரும், எனக்கும் வரும், ஓட்டப் பந்தயக்காரருக்கும் வரும். உணர்ச்சி இருக்கிறதா என்று அது சொல்லாது, ரத்த ஓட்டம் சரியா என்றும் சொல்லாது. அந்த இரண்டையும் பார்க்கத் தேவையானது பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையும், தட்டினால் அதிரும் ஒரு இசைக்கவையும், பாதத்தின் மேல் நாடி பிடிக்க இரண்டு விரலும்தான். இவற்றை வைத்து எதையும் விற்க முடியாது என்பதால் முகாம்காரர்கள் கொண்டுவருவதில்லை. கோட் போட்டு உட்கார்ந்திருந்தவர் மருத்துவரா என்று கேட்டீர்களா? பல இடங்களில் அவர் விற்பனைப் பிரதிநிதி. ஆள் சேர்த்துக் கொடுத்த உள்ளூர்க்காரருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் போகும். இதில் இன்னொரு ரகம், புண்ணோடு இருக்கிறவர்களை வேனில் ஏற்றிக் கீழே தனியார் மருத்துவமனைகளில் இறக்கிவிட்டுக் காசு வாங்குகிறவர்கள். அவர்கள் வாயில் 'உடனே விரலை எடுக்கணும்' என்று வந்தால் இரண்டாவது மருத்துவரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அம்மாவுக்கு வேண்டியது எம்.சி.ஆர். செருப்பு. நுண்ணிய காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர், தொழுநோய் மருத்துவத்தில் பல வருடமாகப் பயன்படுவது. ஏழாயிரம் எல்லாம் ஆகாது. கடையில் உள்ளங்கால் படும் பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கி, விட்டதும் எழ வேண்டும். அடிப்பகுதி முள் ஏறாத அளவு கெட்டியாக இருக்கணும், பின்பட்டை கட்டாயம். ஹவாய் செருப்பு வேண்டாம், மரத்த காலிலிருந்து நழுவி விழுந்தாலும் தெரியாது. வாங்குவது சாயங்காலமாக இருக்கட்டும், அப்போதுதான் கால் வீங்கிய அளவு தெரியும். புதிதில் அரை மணி நேரம் போட்டுக் கழற்றிச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

செருப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்று எப்போதும் எரிச்சலைக் கிளப்பும். நம் மருத்துவமனை எதுவானாலும் வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று எழுதியிருக்கும். ஆகவே புண்ணை உண்டாக்கிய செருப்பை மருத்துவர் தன் வாழ்நாளில் பார்ப்பதில்லை. அது வெளியே மழையில் நனைந்துகொண்டிருக்கும், உள்ளே நாங்கள் புண்ணுக்கு மருந்து எழுதிக்கொண்டிருப்போம். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மாத்திரையை வாங்குகிற பாதி பேருடைய சாக்ஸை யாரும் இதுவரை கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். வெளிநோயாளி வரிசையில் ஆளுக்கு இரண்டு நிமிடம், அதில் சீட்டு எழுதவே ஒரு நிமிடம் போய்விடும், கால் எங்கே வரும்?

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், இதைத் தவறவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மரத்த காலில், புண்ணே இல்லாமல், ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் அது சுளுக்கு என்று நினைக்காதீர்கள். இரண்டு பாதத்தின் மேலும் புறங்கையை வைத்துப் பாருங்கள், ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சூடாகத் தெரியும். உள்ளே எலும்புகள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாக இருக்கும், 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிடுவார்கள். யூரிக் அமிலம் என்று ஒருவர் மாத்திரை கொடுப்பார், கிருமி என்று இன்னொருவர் ஊசி போடுவார். குன்னூரிலிருந்து வந்த ஒரு ஓட்டுநர் தேயிலைச் சரிவில் கால் பிசகியது என்று ஆறு வாரம் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டே வண்டியும் ஓட்டியிருக்கிறார். வலி அதிகம் இல்லையாம். என்னிடம் வந்தபோது உள்ளங்காலின் வளைவு தலைகீழாகி, தோணியின் அடி மாதிரி நடுவில் புடைத்திருந்தது. முதல் வாரத்திலேயே நடையை நிறுத்திக் கட்டுப் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். எனவே ஒரு கால் சூடாக வீங்கினால், காரணம் தெரியும் வரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள், 'நரம்பு மரத்திருக்கிறது, சர்க்கரை இருக்கிறது' என்ற இரண்டையும் நீங்களே வாய்விட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கினால் அது வேறு கதை. பழைய பித்தவெடிப்பிலிருந்து கிருமி ஏறினாலும் சிவக்கும், அப்போது சில சமயம் காய்ச்சலும் இருக்கும். பிரித்துப் பார்ப்பது மருத்துவர் வேலை, ஊன்றாமல் வைப்பது உங்கள் வேலை.

பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு, குளித்துத் துடைத்த உடனே. விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது, அது உலர்ந்தே இருக்கணும். கம்பூட்ஸுக்குள் நாள் முழுக்க வேர்த்த காலில் சேற்றுப்புண் வருவது சகஜம், அதற்கு மருந்துக்கடையில் 'எல்லாத்துக்கும் இது ஒண்ணு' என்று கொடுக்கிற ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்காதீர்கள். முதல் வாரம் அரிப்பு அடங்கும், பிறகு படர்ந்து நாறும். கால் ஆணிக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியில் இருப்பது அமிலம், சர்க்கரைக்காரர் காலில் ஓட்டை போட்டுவிடும். பிளேடு வைத்துச் சீவுவதும் கூடாது. பூட்ஸைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டி, கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். ஒருவர் பூட்ஸுக்குள்ளிருந்து பேரன் போட்ட கோலிக்குண்டை எடுத்தேன், இரண்டு நாளாக அதன் மேல் நடந்திருக்கிறார்.

மகன் விஷயம் எளிது. ஆறு வயதில் தட்டைப் பாதம் பெரும்பாலும் வியாதி இல்லை, வளைவு பத்து வயதுக்குள் மெல்ல வரும், சிலருக்கு வராமலே நன்றாக ஓடுவார்கள். நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். வளைவு தெரிந்தால், வலி என்று சொல்லாமல் ஓடி விளையாடினால், 4,000 ரூபாய் மெத்தை வேண்டாம், வீட்டுக்குள் வெறுங்காலோடு விளையாடட்டும். பள்ளி ஷூவை மட்டும் 'அடுத்த வருஷமும் ஆகும்' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள், பழையது சிறிதாகிவிட்டதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

உங்கள் விரல் சிவந்து அரிப்பது குளிரால். குளிர்ந்த காலைச் சட்டென்று நெருப்பில் காட்டினால் அதிகமாகும். கம்பளி சாக்ஸ் போட்டு மெல்லச் சூடேற்றுங்கள், ஈரமானால் உடனே மாற்றுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போய்விடும். புண்ணானால் காட்டுங்கள்.

அம்மாவைக் கோத்தகிரி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம், அங்கிருந்து அனுப்பினால் 2025-ல் திறந்த ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, கோயம்புத்தூர் வரை இறங்க வேண்டியதில்லை. போகும்போது கம்பூட்ஸையும் வீட்டில் போடும் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாசலில் பையில் என்ன என்று கேட்டால் துணிமணி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மேஜைக்கு அருகில் பிரியுங்கள்.